மடிக்கணினி விசையும் அதன் பொருளும்: திறந்த மூலச் செலுத்திகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணினித்துறையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெரும் கண்டுபிடிப்புக்களையும் பெரும் நிறுவனங்களையுமே முதன்மைப்படுத்தி வந்துள்ளனர். அன்றாடப் பயன்பாட்டில் ஒருவர் அழுத்தும் ஒரு சிறிய விசைக்குப் பின்னால் உள்ள வரலாறு அவர்களின் கவனத்தை ஈர்த்தது அரிது. ஆயினும், ஒரு கருவியை விலை கொடுத்து வாங்கியவர் அக்கருவியை அறியும் உரிமையையும் பெற்றவராகிறாரா என்னும் வினாவுக்கு விடை காண முயல்வோர்க்கு இச்சிறிய விசையின் வரலாறு நல்லதொரு சான்றாக அமைகின்றது. மடிக்கணினிகளின் சிறப்பு விசைகளையும் மின்வலு நிகழ்வுகளையும் லினக்ஸ் பணிசெயல் முறைமை விளங்கிக்கொள்ளுமாறு செய்த திறந்த மூலச் செலுத்திகளின் வளர்ச்சியை, சிறப்பாக ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பாட் மடிக்கணினிகளுக்கென எழுந்த செலுத்தியின் வளர்ச்சியை, இக்கட்டுரை நோக்குகின்றது.

1. விசையும் நிகழ்வும்

வன்பொருளுக்கும் பணிசெயல் முறைமையின் மையப் பகுதியாகிய கருனிக்கும் இடையே நின்று, ஒன்றன் குறிப்பை மற்றொன்றுக்கு உணர்த்தும் மென்பொருளே செலுத்தி எனப்படும். சாதாரண எழுத்து விசை ஒன்றை அழுத்துமிடத்து விசைப்பலகை ஒரு குறியெண்ணைக் கருனிக்கு அனுப்புகின்றது. அக்குறியெண்கள் யாவரும் அறிந்தவை; ஆதலின் எந்த நிறுவனத்தின் விசைப்பலகையாயினும் இடர்ப்பாடு தோன்றுவதில்லை. மடிக்கணினியின் ‘எவ்.என்.’ விசையின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அதனைப் பெரும்பாலும் கண்காணிப்பது, மின்கலம், விசிறி, மூடி ஆகியவற்றையும் மேற்பார்வை செய்கின்ற ஒரு தனிச் சிறு கட்டுப்படுத்தியாகும். ‘எவ்.என்.’ விசையோடு மற்றொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் திரையின் ஒளி குறையலாம், கணினி துயில் நிலைக்குச் செல்லலாம், அல்லது எதுவுமே நிகழாதுபோகலாம். எது நிகழவேண்டும் என்பதை ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமக்கு ஏற்றவாறு வகுத்தனர்.

இது வெறும் வசதி பற்றியதன்று. மூடி மூடப்பட்டமையைக் கருனி அறியாதுவிடின் கணினி பைக்குள் இருந்தவாறே இயங்கி வெப்பமடையும். மின்கலம் தீரும் தறுவாயில் உள்ளமையை அறியாதுவிடின் சேமிக்கப்படாத வேலை முழுவதும் அழியும். திங்க்பாட் கணினிகளில் மின்கலம் மிகையாகச் சூடேறியமையை அறிவிக்கும் நிகழ்வும், அது ஆபத்தான அளவை எட்டியமையை அறிவிக்கும் நிகழ்வும் வெவ்வேறு எண்களால் உணர்த்தப்படுகின்றன. இரண்டாவது நிகழ்வின்போது கணினியை உடனடியாகத் துயிலச்செய்தல் அல்லது நிறுத்துதல் வேண்டும். அவ்வெண்ணின் பொருளை அறியாத முறைமை, எச்சரிக்கையைக் கேட்டும் விளங்காத நிலையிலேயே இருக்கும்.

2. இலக்கணம் உண்டு, அகராதி இல்லை

1992ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். என்னும் மின்வலு முகாமை முறையை வெளியிட்டன. இம்முறையில் அதிகாரம் பெரிதும் பயோஸ் எனப்படும் நிலைபொருளிடமே இருந்தது. எப்போது துயிலவேண்டும் என்பதைப் பல வேளைகளில் பயோஸே தீர்மானித்தது. பணிசெயல் முறைமை அதற்கு இசைவு தெரிவிக்கும் துணையாகவே அமைந்தது.

1996ஆம் ஆண்டு டிசெம்பரில் இன்ரெல், மைக்ரோசொவ்ற், ரொஷிபா ஆகிய மூன்றும் இணைந்து ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய நியமத்தை வெளியிட்டன. இதன்வழி அதிகாரம் பயோஸிடமிருந்து பணிசெயல் முறைமைக்கு மாறியது. ஒவ்வொரு கணினியின் நிலைபொருளும் தன் வன்பொருளைப் பற்றிய விவரணத்தை ஓர் அட்டவணையாகத் தன்னகத்தே கொண்டிருக்கும். டி.எஸ்.டி.ரி. எனப்படும் அவ்வட்டவணை வெறும் பட்டியல் அன்று. பொறி எதுவாயினும் இயக்கத்தக்க ஓர் இடைமொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்கள் அதனுள் அடங்கியுள்ளன. கருனியில் உள்ள பொருள்கோடற் பகுதி அந்நிரல்களைப் படித்து இயக்குகின்றது.

இந்நியமம் மின்கலம், மூடி, மின்வலுப் பொத்தான், துயிற் பொத்தான், வெப்பவலயம் முதலியவற்றுக்குப் பொதுப்பெயர்களை வகுத்தது. துயில் நிலைகளும் எண்களால் வரையறுக்கப்பட்டன. நினைவகத்தை மட்டும் உயிர்ப்புடன் வைத்திருக்கும் மூன்றாம் நிலையும், அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டு அணையும் நான்காம் நிலையும் பலரும் அறிந்தவை. ஆனால் விசைப்பலகைக்கு ஒளிதரும் சிறு விளக்கு, நிறுவனத்தின் பெயர் பொறித்த தனிப் பொத்தான் போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் எதுவும் வகுக்கப்படவில்லை. அவற்றை உற்பத்தியாளர் தத்தம் தனிச் சாதனங்களாக அட்டவணையில் சேர்த்துக்கொள்ள நியமம் இடமளித்தது. எனவே, ஏ.சி.பி.ஐ. எல்லோர்க்கும் பொதுவான இலக்கணத்தைத் தந்ததேயன்றிப் பொதுவான அகராதியைத் தரவில்லை எனலாம். வாக்கியத்தின் அமைப்பு விளங்கிற்று. சொல்லின் பொருள் உற்பத்தியாளரிடமே தங்கிவிட்டது. அவர்கள் அப்பொருளை வின்டோஸ் முறைமைக்கான தம் மென்பொருளில் மட்டும் பொதிந்து வழங்கினர்.

3. தொடக்க முயற்சிகள்

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தோர் பெரும்பாலும் அக்கணினிகளைப் பயன்படுத்தியோரே. ரொஷிபா மடிக்கணினிகளுக்கென ஜொனதன் பசார்ட் 1996 முதல் எழுதிவந்த செலுத்தி இவ்வகையில் முன்னோடியானது. பின்னர் ஜோன் பெல்மொன்ரே அந்நிறுவனக் கணினிகளுக்கான ஏ.சி.பி.ஐ. செலுத்தியை எழுதியபோது, வின்டோஸ் செலுத்திகளைப் பகுத்தாய்ந்து அறியும் வழிமுறையைப் பசார்ட் கற்பித்தமையைத் தம் மூலநிரலின் தலைப்பிலேயே நன்றியுடன் பதிவுசெய்தார். சோனி வையோ கணினிகளுக்கென ஸ்ரெலியன் பொப் 2001 அளவில் எழுதிய செலுத்தியும் தனக்கு முன் உழைத்த பலரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. நூலாசிரியர் தம் முன்னோரின் உரைகளைச் சுட்டிச் செல்லும் மரபு இங்கும் வழங்குதல் அவதானிக்கத்தக்கது.

இம்முயற்சிகள் ஆபத்தற்றவை அல்ல. 2000ஆம் ஆண்டையடுத்த காலப்பகுதியில், வெப்பநிலை முதலியவற்றை அளக்கும் உணரிகளைத் தேடும் லினக்ஸ் மென்பொருள் ஒன்று சில திங்க்பாட் மாதிரிகளில் இருந்த ஒரு நினைவகச் சில்லின் உள்ளடக்கத்தைச் சிதைத்து, அக்கணினிகள் மீண்டும் தொடங்கவியலாத நிலையை உண்டாக்கிற்று. எழுதும் நோக்கமின்றி வாசிப்பதற்காக அனுப்பப்பட்ட குறிப்பையே அச்சில்லு எழுதும் கட்டளையாகக் கொண்டமை இதற்குக் காரணமாகும். ஆவணம் இல்லாதவிடத்து ஊகமும் சோதனையுமே வழி. சோதனையின் விலையைக் கணினியின் உரிமையாளரே செலுத்தவேண்டியிருந்தது.

4. திங்க்பாட் செலுத்தி

போரிஸ்லாவ் டெயனொவ் எழுதிய ஐ.பி.எம். ஏ.சி.பி.ஐ. செலுத்தி 2004 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.10ஆம் பதிப்பில் கருனியுடன் சேர்க்கப்பட்டது. தன் தனிக்கணினிப் பிரிவை லெனோவோ நிறுவனத்துக்கு விற்கவுள்ளதாக ஐ.பி.எம். அறிவித்ததும் அதே திங்களிலாகும். 2005 மே மாதத்தில் அவ்விற்பனை நிறைவுற்றது. உற்பத்தியாளர் மாறிய பின்னரும் செலுத்தி நிலைத்து வளர்ந்தது.

இச்செலுத்தியின் செயன்முறை சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். திங்க்பாட்டின் அட்டவணையில் சிறப்பு விசைகளுக்கென ஒரு தனிச் சாதனம் உண்டு. செலுத்தி அதனைக் கண்டறிந்து, எந்தெந்த விசைகளைப் பற்றி அறிவிக்கவேண்டும் என்பதை அதற்கு உணர்த்துகின்றது. விசை அழுத்தப்பட்டதும் நிலைபொருள் கருனிக்கு ஓர் அறிவிப்பை மட்டும் அனுப்பும். செலுத்தி உடனே அச்சாதனத்தின் நிரலொன்றை அழைத்து, நிகழ்ந்தது யாது என வினவி எண்ணொன்றைப் பெறும். பதினறும முறையில் 1004 என வந்தால் அது துயில் விசையாகிய ‘எவ்.என்.’, ‘எவ்.4’ கூட்டு, 1012 என வந்தால் விசைப்பலகை விளக்கின் விசை. இவ்வெண்களின் தொகுதியே மேற்குறித்த அகராதியின் ஒரு பகுதியாகும்.

அகராதி எவ்வாறு தொகுக்கப்பட்டது என்பதைச் செலுத்தியுடன் வழங்கப்பட்ட ஆவணம் காட்டுகின்றது. எக்ஸ்.40 என்னும் மாதிரியில் எந்த எண்ணைக் கொடுத்தால் எந்த ஒலி எழும் என்பது அதிற் பட்டியலிடப்பட்டுள்ளது. 2 என்னும் எண்ணுக்கு இரு ஒலிகளும் சிறு இடைவெளியின் பின் மூன்றாம் ஒலியும் எழும். அது மின்கலம் குறைந்தமைக்கான ஒலி. எல்லா எண்களும் எல்லா மாதிரிகளிலும் ஒரே பயனைத் தருவதில்லை என்னும் எச்சரிக்கையும் ஆங்காங்கே காணப்படுகின்றது. களஆய்வாளர் ஒருவரின் குறிப்பேட்டை ஒத்த இவ்வாவணம், உற்பத்தியாளர் வெளியிடாத அறிவைக் கேட்டும் பார்த்தும் மீட்டெடுத்த வரலாற்றுக்குச் சான்றாக விளங்குகின்றது.

செலுத்தி தானே எதனையும் தீர்மானிப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. துயில் விசை அழுத்தப்பட்டது என அது அறிவிக்கும். துயிலவேண்டுமா என்பதை அவ்வறிவிப்பைப் பெறும் பயனர் நிலை மென்பொருள் முடிவுசெய்யும். ஏ.பி.எம். காலத்தில் பயோஸிடம் இருந்த அதிகாரம் இவ்வாறு இறுதியில் உரிமையாளரின் கைக்கு வந்துசேர்ந்தது.

5. தனிமொழியிலிருந்து பொதுமொழிக்கு

தொடக்கத்தில் ஒவ்வொரு செலுத்தியும் தனக்கென ஒரு கோப்புறையை அமைத்து, தனக்கே உரிய வடிவில் நிகழ்வுகளை அறிவித்தது. திங்க்பாட்டுக்கு ஒரு வடிவம், ரொஷிபாவுக்கு இன்னொன்று, ஏசூஸுக்கு வேறொன்று என அமைந்தமையால், மேசைப்பரப்பு மென்பொருள் எழுதுவோர் அனைத்தையும் தனித்தனியே கற்கவேண்டியதாயிற்று. இந்நிலையை மாற்றும் பணி டெயனொவின் பின் செலுத்தியைப் பொறுப்பேற்ற என்றிக்கே டி மொராயிஸ் ஹோல்ஷூவின் காலத்தில் நிகழ்ந்தது. 2007ஆம் ஆண்டில், 2.6.22ஆம் பதிப்பில், செலுத்தி ‘திங்க்பாட் ஏ.சி.பி.ஐ.’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. சாதாரண விசைகள் செல்லும் உள்ளீட்டு வழியினூடாகவே சிறப்பு விசைகளும் செல்லலாயின. இதன் பயனாகத் துயில் விசை எந்த நிறுவனத்தினதாயினும் மேலுள்ள மென்பொருளுக்கு ஒரே விசையாகவே தோன்றும்.

இம்மாற்றத்திலும் இடர்கள் இருந்தன. ஒளிச்செறிவு விசையை அழுத்தியதும் நிலைபொருள் தானே ஒளியை மாற்றிவிடும் மாதிரிகள் பல. அதே அறிவிப்பைக் கண்டு மேலுள்ள மென்பொருளும் ஒளியை மாற்றினால் ஓர் அழுத்தத்துக்கு இரு படிகள் நகரும். ஆகவே அத்தகைய விசைகள் இயல்பு நிலையில் அறிவிக்கப்படாது விடப்பட்டன. ஒரு சொல்லின் பொருளை அறிதல் மட்டும் போதாது. அதனை எப்போது சொல்லாதிருக்கவேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும்.

6. நியமமும் நலனும்

1999ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொவ்ற் தலைவர் பில் கேற்ஸ் தம் அலுவலர்க்கு அனுப்பிய குறிப்பொன்று, பிற்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்நிறுவனத்துக்கெதிராக நடந்த வழக்கின் சான்றாவணமாக வெளிவந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்சிகளை வின்டோஸுக்கே உரியனவாக அமைக்கவியலாதா என்றும், தம் உழைப்பின் பயனை லினக்ஸ் உழைப்பின்றிப் பெறுதல் வருந்தத்தக்கது என்றும் அது கருதுகின்றது. அவ்வெண்ணம் நிறைவேற்றப்பட்டது என்பதற்கு இவ்வாவணம் மட்டும் சான்றாகாது. ஆயினும் பொதுநியமம் என்பது எல்லோர்க்கும் சமமாகப் பயன்படவேண்டும் என்ற எண்ணம் அதனை உருவாக்கியோர் அனைவர்க்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதை அது உணர்த்துகின்றது.

நடைமுறையில் தடையாக அமைந்தது பகைமையைவிடப் பாராமுகமே எனக் கொள்ளலாம். நிலைபொருள் தன்னை இயக்குவது எந்தப் பணிசெயல் முறைமை என வினவ ஏ.சி.பி.ஐ. இடமளிக்கின்றது. உற்பத்தியாளர் வின்டோஸுடன் மட்டுமே சோதித்தமையால், ‘லினக்ஸ்’ என்ற விடைக்கு நிலைபொருள் செல்லும் வழி பலவிடங்களிற் சோதிக்கப்படாததாக இருந்தது. எனவே 2007ஆம் ஆண்டின் 2.6.23ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் இயல்பாக அவ்விடையை அளிப்பதை நிறுத்தி, வின்டோஸ் பதிப்புக்களுக்குரிய விடையையே அளித்து வருகின்றது. தன் பெயரை மறைத்தாலன்றிக் கணினி செவ்வனே இயங்காது என்னும் நிலை, அகராதி யார் கையில் இருந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது.

முடிவுரை

திறந்த மூல முயற்சியை மிகைப்படுத்திப் புகழ்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. உற்பத்தியாளர் ஒரு சில பக்கங்களில் வெளியிட்டிருக்கக்கூடிய செய்தியை அறியப் பலர் பல்லாண்டுகள் உழைத்தனர். அவ்வுழைப்பு ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் மீண்டும் மீண்டும் செலவாயிற்று. ஒரு செலுத்தியின் உயிர் ஓரிருவரின் ஓய்வு நேரத்தில் தங்கியிருந்தது. இவை இம்முறையின் குறைபாடுகள். மறுபுறம், அவ்வாறு மீட்கப்பட்ட அறிவு மூலநிரலாகவும் ஆவணமாகவும் எவரும் படிக்கத்தக்க வடிவில் நிலைபெற்றது. 2013ஆம் ஆண்டில் ஏ.சி.பி.ஐ. நியமம் யூ.ஈ.எவ்.ஐ. மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டையடுத்து லெனோவோ தன் திங்க்பாட் கணினிகள் பலவற்றை லினக்ஸுடன் விற்க முன்வந்து, இதே செலுத்திக்குத் தன் பொறியியலாளரின் பங்களிப்பையும் வழங்கியது. பயனர் எழுதத் தொடங்கிய அகராதியில் உற்பத்தியாளர் பின்னர் வந்து சொற்சேர்த்தார்.

பொதுநியமம் ஒன்று நிறுவப்படுவதால் மட்டும் அறிவு பொதுவுடைமையாவதில்லை. சொற்களின் பொருளும் வெளியிடப்படும்போதே அது பொதுவாகின்றது. ஒரு கருவியை வாங்குவோர் அதன் விசைகளின் பொருளையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்னும் கோட்பாட்டைச் சட்டமோ சந்தையோ நிலைநாட்டாத காலத்தில், அதனைச் செயலால் நிலைநாட்டினர் இச்செலுத்திகளை எழுதியோர். கணினித்துறை வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் இதனாலேயே உறுதிப்படுகின்றது.