பொத்தானின் ஏவல்

பேசாதவர்களின் வரலாற்றை இதுவரை பேசுகிறவர்களே எழுதிவந்திருக்கிறார்கள். ஆகவே அது 'ஏன் பேசவில்லை' என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது. பேச்சு வராத ஒருவர் கையில் பேசும் கருவி வந்து சேர்ந்த பிறகு கேள்வி இடம் மாறுகிறது. கருவிக்குள் இருக்கும் சொற்களை எடுத்து வைத்தவர் யார்? கதாபாத்திரம் எந்தத் தமிழ் பேச வேண்டும் என்று ஐம்பது வருஷங்களுக்கு மேலாக வாதாடிவரும் நமக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. நாம் அதைக் காகிதத்தில் கேட்டோம். சிலர் அதைத் தினமும் தண்ணீர் கேட்கும்போது சந்திக்கிறார்கள்.

ஆட்டிசம் பற்றி லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். எட்டுப் பேருக்குப் பேச்சு வந்தது, மூவருக்கு வரவில்லை. முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட் பேசினார். மிஸிஸிப்பியில் வங்கி வேலை பார்த்து, 2023இல் 89 வயதில் இறந்தார். அவர்மேல் விழுந்த வெளிச்சம் அந்த மூவர்மேல் விழவில்லை. இன்றைய கணிப்பில் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழக் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பேச்சை நம்பி வாழ முடியாதவர்கள். தமிழில் 'மதியிறுக்கம்' என்ற சொல் புழங்குகிறது. அரசுக் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. இரண்டும் வெளியே நின்று பார்ப்பவன் வைத்த பெயர்கள். வாய் திறக்காதவனுக்கு உலகத்தைப் பற்றிச் சிந்தனை இல்லை என்பது பேசுகிறவனின் அனுமானம். நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

கருவியின் சரித்திரம் வேறு திசையிலிருந்து வருகிறது. ஆஸ்திரியாவிலிருந்து தப்பி ஷாங்காயில் தங்கியிருந்த சார்ல்ஸ் ப்ளிஸ், சீன எழுத்தைப் பார்த்து, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறியெழுத்தை உண்டாக்கி 1949இல் வெளியிட்டார். தேசங்களுக்கிடையே சண்டை ஓயும் என்பது அவர் கனவு. தேசங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 1971இல் டொராண்டோவில் பேச முடியாத குழந்தைகள் அந்தக் குறிகளை விரலால் தொட்டுப் பேசத் தொடங்கினார்கள். சமாதானத்துக்காகச் செய்தது தாகத்துக்கு உதவிற்று. பிறகு குரல் வந்தது. 1985இல் பேச்சை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கிடைத்த குரல், டென்னிஸ் க்ளாட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தன் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆங்கிலேயரான ஹாக்கிங் அமெரிக்க உச்சரிப்பில் பேசினார். மேம்பட்ட குரல்கள் வந்த பின்னும் அதை அவர் விடவில்லை. இரவல் குரல் சொந்தக் குரலானது. ஆனால் அந்தச் சொந்தம் அவரே தேர்ந்துகொண்டது. அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நம் ஊரில் இந்தச் சரித்திரம் அடையாற்றங்கரையில் தொடங்குகிறது. பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி பின்னர் வித்யாசாகர் என்று பெயர் மாறி, கோட்டூர்புரத்தில் நடக்கிறது. பேச்சுக்கு மாற்றான படப்பலகைகளை அங்கே வெகுகாலமாகப் புழங்கிவந்தார்கள். சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் அவர்களோடு வேலை செய்து, 2010ஐ ஒட்டி 'ஆவாஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை சொன்ன காலம் அது. கை சரியாக இயங்காதவர்களை முதலில் மனதில் வைத்துச் செய்யப்பட்ட ஆவாஸ், 2012இல் ஐபேடுக்கு வந்தபின் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது. பிறகு தமிழிலும் வந்தது. சென்னையில் பிறந்த குரலுக்கு இந்திப் பெயர் என்பதில் எனக்குப் புகார் இல்லை. என் கவலை இலக்கணத்தைப் பற்றியது.

'நான்', 'தண்ணீர்', 'குடி' என்ற மூன்று படங்களைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதே மூன்று சொற்கள் ஏறக்குறைய வாக்கியமாகிவிடும். தமிழில் ஆகாது. விகுதி சேராத நம் வினை வெறும் பகுதி அல்ல, அது ஏவல். நன்னூலார் 23 வினைப்பகுதிகளை வரிசைப்படுத்தியதே ஏவல் வடிவில்தான். ஆகவே 'குடி' என்ற பொத்தான், 'நான் குடிக்க வேண்டும்' என்ற ஆசையை 'நீ குடி' என்ற கட்டளையாக மாற்றிவிடுகிறது. 'வா', 'போ', 'கொடு' எல்லாம் அப்படியே. 'வாங்க' என்று அழைக்க நினைக்கும் முப்பது வயது மனிதர் பெரியவர் ஒருவரை 'வா' என்கிறார். மரியாதை தெரியாதவர் என்று பெயர் வாங்குகிறார். பிழை அவருடையது அல்ல, விகுதியைச் சில்லறை விஷயம் என்று நினைத்த வடிவமைப்பினுடையது. இந்தச் சிக்கல் அஜித் நாராயணனுக்குத் தெரியாததல்ல. 2013இல் அவர் டெட் மேடையில் விளக்கிய திட்டம், படங்களை யார், எதை, எப்போது என்ற கேள்விகளால் இணைத்து, வாக்கியத்தைக் கருவியே கட்டும்படி செய்வது. அப்போது விகுதி கிடைக்கும். ஆனால் எந்தத் தமிழின் விகுதி?

கோட்டூர்புரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் திருவொற்றியூர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கரையில் 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் நகரத்துக்கு வெளிச்சத்தையும் பக்கத்துத் தெருக்களுக்குச் சாம்பலையும் தந்தது. இங்கே அப்பாவை 'நைனா' என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. காலையில் சாப்பிடுவது 'நாஷ்டா'. வேண்டாம் என்பது 'வோணாம்'. இந்தப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவர ஜெயகாந்தன் போன்றவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். கருவியோ 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்கிறது. பேச்சு வராததால் ஏற்கனவே விலகி நிற்கும் ஒருவரை, அவருக்குக் கிடைத்த பேச்சு இன்னொரு முறை விலக்குகிறது. தன் வீட்டிலேயே அவர் வெளியூர்க்காரர்போலப் பேசுகிறார்.

சொல் இருப்பு அதைவிடப் பெரிய விஷயம். காசிமேட்டு வீட்டில் 'மீன்' என்று ஒரே ஒரு படம் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். நெத்திலியா, சங்கராவா, வஞ்சிரமா என்பதே அங்கே பேச்சு. ஆட்டிசம் உள்ள பலருக்குக் காதும் மூக்கும் நம்மைவிடக் கூர்மையாக வேலை செய்கின்றன. துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் அவர்களுக்குச் சத்தம் அல்ல, அடி. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும் ஒருவரால் அந்தக் கணத்தில் படங்களைத் தேடித் தொட முடியாது. கருவி மிக அவசியமான வேளையில்தான் கை அதற்கு எட்டுவதில்லை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த இரவில் பேச்சு வராத ஒருவர் தன் பலகையில் எதைத் தொட்டிருக்க முடியும்? சோறு, தண்ணீர், கழிப்பறை, பாட்டு, டிவி. 'நாத்தம்', 'தொண்ட எரியுது', 'கதவ மூடு' என்பவை அங்கே இருந்தாலொழிய அவர் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் அதற்குப் பெயர் நடத்தைக் கோளாறு. தேவைகளின் பட்டியலை மட்டும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது எளிது.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். எண்பதுகளில் ஸ்ட்ரக்சுரலிசத்தோடு ஆசிரியன் யார் என்ற கேள்வி நம் பத்திரிகைகளுக்கு வந்தது. அதே கேள்வி தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பரிசோதனை அறைக்குள் போயிற்று. உதவியாளர் கையைப் பிடித்துக்கொள்ள, பேசாதவர் எழுத்துகளைத் தொட்டு எழுதும் முறை ஒன்று அங்கே பரவியிருந்தது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில் இருவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டினார்கள். எழுதப்பட்டதில் பொருந்தியவை உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்களே. உதவியாளர்கள் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. அன்புதான் அந்தக் கையை நகர்த்திற்று. அடுத்தவர் கை படாமல், கேட்பதற்கு நேரம் எடுத்தாலும், தானே தொட்டுப் பேசும் கருவியின் மதிப்பு இதிலிருந்து தெரிகிறது. கை தன்னுடையதாக இருப்பது முதல் படி. சொல்லும் தன்னுடையதாக இருப்பது அடுத்தது.

சட்டம் இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் நிற்கிறது. 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளில் அதையும் சேர்த்தது. மாற்று வழித் தொடர்பையும் 'தொடர்பு' என்பதன் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்றும் சொன்னது. ஆனால் 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதைத் தாண்டியவருக்கும் பாதுகாவலரை நியமிக்கலாம். வீட்டிலும் மையத்திலும் 28 வயதுக்காரர் இன்னும் 'குழந்தை'தான். குழந்தைக்குச் செய்த பலகையே அவர் கையிலும் இருக்கிறது. அதில் காதலுக்கோ கூலிக்கோ ஓட்டுக்கோ வசைக்கோ படம் கிடையாது.

மெல் பேக்ஸ் என்ற அமெரிக்கர், பேச்சில்லாத ஆட்டிசக்காரர், 2007இல் ஒரு சிறு படத்தை வெளியிட்டார். முதலில் அவர் முனகுகிறார், கையசைக்கிறார், ஓடும் தண்ணீரை விரலால் தொடுகிறார். பிறகு கருவியின் குரல் வருகிறது. முன்னே பார்த்ததே தன் மொழி என்றும், இப்போது கேட்பது நமக்காகச் செய்த மொழிபெயர்ப்பு என்றும் அது விளக்குகிறது. 2020இல் அவர் இறந்தார். கருவி வந்ததும் அதற்கு முந்திய மொழியைக் குப்பையில் போட வேண்டியதில்லை என்பதை அவர் காட்டிவிட்டுப் போனார்.

கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தபோது, கரிசல்காட்டுச் சம்சாரியின் பேச்சும் அகராதிக்கு உரியது என்பது நிலைபெற்றது. காசிமேட்டிலிருந்து கத்திவாக்கம் வரை அப்படியொரு வேலை நடக்க வேண்டும். அதை ஆராய்ச்சியாளர் மட்டும் செய்தால் போதாது. பலகையைத் தொடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதைத் தேடி இல்லாமல் விரலை எடுத்துக்கொள்கிறார் என்று கவனித்துச் சேர்க்க வேண்டும். இத்தகைய கருவிகளில் புதிய பொத்தான் சேர்க்கவும், வீட்டார் குரலைப் பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. முதலில் 'வோணாம்' என்பதைச் சேர்க்கலாம். கூடவே, அவரே நிரப்பும்படி சில கட்டங்களைக் காலியாக விட்டுவைக்கலாம்.