அச்சுக்கூடத்தில் பிறந்த குளிர்

துபாய்க்கோ குவைத்துக்கோ போகிற விமானத்தில் ஏறிப் பார்த்தால், பத்து வரிசைக்கு ஒருவராவது ஏ.சி. மெக்கானிக்காக இருப்பார். ஐ.டி.ஐ.யில் வாங்கிய ஒரு சர்டிபிகேட், செப்புக் குழாயைப் பற்றவைக்கத் தெரிந்த கை, வாயு எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் மூக்கு - இவ்வளவுதான் அவருடைய மூலதனம். வெளியே பாலைவனம் கொதிக்கும்; உள்ளே ஜனங்கள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நிற்பவர் இவர்.

இது நேற்று முளைத்த பிழைப்பு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரித்திரத்தைப் புரட்டினால் வேறு விதமாக இருக்கிறது. குளிரை யந்திரத்தில் உண்டாக்கும் வித்தையில் முதல் முதல் கை வைத்தவர்களில் பலர் சொந்த ஊரை விட்டுக் கடல் கடந்தவர்கள். ஆனால் ஒருவராவது குளிருக்காகக் கப்பல் ஏறியதாகத் தெரியவில்லை. போனது ஒரு வேலைக்கு, அகப்பட்டது ஒரு வேலை.

ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ள நோட்டு அடிக்க முடியாத விதத்தில் பாங்கி நோட்டு அச்சடிக்கத் தெரிந்தவர். அந்த வித்தையை விற்பதற்காக 1819-ல், ஐம்பது வயதுக்கு மேல், லண்டனுக்குக் குடியேறினார். அங்கே 1834-ல், ஈதரை ஆவியாக்கி, அந்த ஆவியை அழுத்தி, மறுபடி திரவமாக்கிக் குளிரை உண்டாக்கும் யந்திரத்துக்குப் பேட்டண்ட் வாங்கினார். யந்திரம் ஓடியது, ஐஸும் கிடைத்தது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரியில் இலவசமாக உறைகிற பொருளுக்கு யார் யந்திரம் வாங்குவார்கள்?

நான் சொல்ல வந்தது பெர்க்கின்ஸின் கதையை அல்ல. இன்னொரு அச்சுத் தொழிலாளியின் கதையை.

ஜேம்ஸ் ஹாரிசன் 1816-ல் ஸ்காட்லாந்தில் பான்ஹில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மீன் பிடிக்கிறவர். பையன் கிளாஸ்கோவில் அச்சுத் தொழில் பழகினான். தொழிலாளிகளுக்காக நடந்த வகுப்புகளில் ரசாயனமும் கொஞ்சம் படித்தான். லண்டனில் சில காலம் அச்சுக் கோத்தான். 1837-ல், இருபத்தொரு வயதில், ஒரு கம்பெனிக்காக அச்சு யந்திரம் நிறுவுவதற்கு ஸிட்னிக்குக் கப்பல் ஏறினான். அங்கிருந்து மெல்போர்ன். அங்கே பத்திரிகை முதலாளி புதிய யந்திரம் வாங்கியதும், பழையதை 30 பவுனுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்திலுள்ள ஜீலாங் ஊருக்குப் போனார் - இனிமேல் 'போனார்' என்றே சொல்லுவோம், முதலாளி ஆகிவிட்டார் அல்லவா? 1840 நவம்பரில் 'ஜீலாங் அட்வர்டைஸர்' வெளிவந்தது. இரண்டே வருஷத்தில் முழுப் பத்திரிகையும் அவருடையது. பிறகு நகரசபை, அதன் பிறகு சட்டசபை.

இப்படியே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அச்செழுத்துக்களில் ஒட்டிய மையைக் கழுவ அச்சுக்கூடத்தில் ஈதர் வைத்திருந்தார்கள். கழுவிய எழுத்தைக் கையில் எடுத்தால் ஈயம் ஜில்லென்று இருக்கும். எத்தனையோ அச்சுக்கூடங்களில் எத்தனையோ பேர் விரல்களில் அந்தக் குளிர் பட்டிருக்கும். ஏன் இப்படி என்று ஹாரிசன் யோசித்தார் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

விஷயம் நமக்குப் புதிதல்ல. ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் ஸ்பிரிட் தடவினால் தோல் சிலிர்க்கிறது. மண்பானையில் வெளிப்புறம் கசிகிற நீர் காற்றில் உலர உலர, உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பானையிலிருந்து போன ஆவி போனதுதான். ஹாரிசன் அதைப் போகவிடாமல் பிடித்தார். பம்பு ஒன்று ஈதரின் ஆவியை உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச ஈதர் இன்னும் வேகமாகக் கொதித்து, சுற்றியிருந்த உப்பு நீரை உறைநிலைக்கும் கீழே கொண்டுபோயிற்று. உறிஞ்சிய ஆவியை அதே பம்பு அழுத்தியது; ஆற்றுத் தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டது; ஆவி பழையபடி ஈதராகித் திரும்பியது. இன்று நம் சமையலறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ரெப்ரிஜிரேட்டரும் இதைத்தான் செய்கிறது. உள்ளே ஓடுகிற சரக்கு மட்டும் மாறியிருக்கிறது.

ஜீலாங்கில் பார்வான் ஆற்றங்கரையில், ராக்கி பாயிண்ட் என்ற இடத்தில் 1850-களின் முதற்பகுதியில் யந்திரம் ஓடத் தொடங்கியது. 1856-ல் ஹாரிசன் லண்டனுக்குப் போய்ப் பேட்டண்ட் வாங்கினார். அங்கே யந்திரத்தைச் செய்துகொடுத்தது அகஸ்டஸ் ஸீபேயின் பட்டறை. கடலடியில் மூழ்குகிறவர்களுக்குத் தலைக்கவசம் செய்து பேர் வாங்கிய மனிதர் அவர். அவரும் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்தவர்தான்!

யந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. பீர் காய்ச்சுகிறவர்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். ஆனால் ஐஸ் வியாபாரம் வேறு சங்கதி. அப்போது அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டி உலகம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. பின்னர் சென்னைக்கும் வந்தது. கடற்கரையில் அதற்காகக் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதனால் இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். (யந்திர ஐஸ் வந்ததும் அந்தக் கட்டடத்துக்கு வேலை போயிற்று, அந்த வட்டாரத்துக்குப் பேர் மட்டும் போகவில்லை.) ஆஸ்திரேலியாவுக்கும் அதே அமெரிக்க ஐஸ் வந்தது. ஹாரிசன் போட்டி போட்டுப் பார்த்தார். 1860-களின் தொடக்கத்தில் கடன் கழுத்தை நெரித்தது. கனவுக்குக் கொடுத்த விலையாக, இருபது வருஷம் வளர்த்த பத்திரிகையும் கையை விட்டுப் போயிற்று. பழையபடி பிறத்தியார் பத்திரிகையில் எழுதப் போனார். மெல்போர்ன் 'ஏஜ்' பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

ஆனால் குளிர் அவரை விடவில்லை. ஆஸ்திரேலியாவில் மனிதரைவிட ஆடு அதிகம். தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு இறைச்சியை எறிந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்திலோ ஏழைகளுக்கு மாமிசம் எட்டாத பண்டம். நடுவில் இருந்தது கடல். கடலுக்கு நடுவில் பூமத்திய ரேகையின் வெயில். 1873-ல் மெல்போர்ன் பொருட்காட்சியில், மாதக்கணக்காக உறையவைத்த மாமிசத்தைச் சாப்பிடலாம் என்று காட்டித் தங்க மெடல் வாங்கினார் ஹாரிசன். அந்த ஜூலையிலேயே 'நார்போக்' என்ற கப்பலில் சுமார் 20 டன் இறைச்சி லண்டனுக்குப் புறப்பட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆச்சரியம். குளிர் யந்திரத்தைச் செய்த மனிதர், கப்பலில் யந்திரத்தை வைக்கவில்லை! அறையைக் கட்டி, ஐஸையும் உப்பையும் நிரப்பி அனுப்பினார். எளிதில் தீப்பற்றும் ஈதரைப் பாய்மரக் கப்பலில், மாதக்கணக்கான பிரயாணத்தில், வைத்துக்கொள்ளத் தயங்கினாரோ என்னவோ. செலவுக்குப் பயந்தும் இருக்கலாம். ஒரு தடவை கை சுட்டுக்கொண்டவன், ஐம்பத்தேழு வயதில், பிறர் பணத்தையும் சேர்த்து வைத்து ஆடும்போது, தனக்கு நிச்சயமென்று தோன்றும் வழியைத்தான் பிடிப்பான். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஐஸ் கணக்குப் போட்டதற்கு முன்பே கரைந்தது. லண்டன் போய்ச் சேர்ந்தபோது சரக்கு அழுகியிருந்தது. அதோடு ஹாரிசனின் குளிர்த் தொழில் முடிந்தது. லண்டனிலேயே தங்கி, ஆஸ்திரேலியப் பத்திரிகைக்கு விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிக் காலம் தள்ளினார்.

அவருக்குப் பின்னும் கடல் இரண்டொருவரை ஏமாற்றியது. ரூவானிலிருந்து 1853-ல் ஸிட்னிக்கு வந்த நிக்கோல் என்ற பிரெஞ்சு என்ஜினீயர், தாமஸ் மார்ட் என்ற செல்வரின் பணத்தில் பல வருஷம் உழைத்தார். 1876-ல் 'நார்தாம்' கப்பலில் யந்திரம் வைத்தார்கள். அது கோளாறு செய்ததில் இறைச்சியில்லாமலே கப்பல் போயிற்று. மார்ட் 1878-ல் காலமானார். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் கண்ணால் பார்த்திருப்பார். 1880 பிப்ரவரியில் 'ஸ்ட்ராத்லெவன்' சுமார் 40 டன் மாமிசத்தைக் கெடாமல் லண்டனில் இறக்கியது. அதில் ஈதரும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. வெறும் காற்றை அழுத்தி விரியவிட்டுக் குளிராக்கும் யந்திரம்.

1882-ல் நியூஜீலந்திலிருந்து 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் அதே மாதிரி யந்திரத்தோடு கிளம்பியது. புகைபோக்கியிலிருந்து பொறி பறந்து பாய்களில் விழுந்தது. வெப்ப மண்டலத்தில் அறையின் ஒரு பக்கம் போதுமான அளவு குளிரவில்லை. காப்டன் விட்ஸன் தாமே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போய், காற்று பரவப் புதிதாகத் துளைகள் அறுத்தார். உள்ளேயே விறைத்துப்போனார். உதவி அதிகாரி காலில் கயிறு கட்டி இழுத்து, உயிர் வரும்படி செய்யவேண்டியிருந்தது. 98 நாள் கழித்து லண்டனில் எண்ணியபோது, ஏறக்குறைய 5,000 உருப்படியில் கெட்டது ஒன்றே ஒன்று.

காற்று யந்திரம் கரி தின்னும் யந்திரம். 1890-களில் கப்பல்கள் ஒவ்வொன்றாக அதைக் கழற்றிவிட்டு, ஆவியை அழுத்தித் திரவமாக்கும் பழைய முறைக்கு மாறத் தொடங்கின. ஈதருக்குப் பதில் அம்மோனியா, அல்லது கரியமில வாயு. மற்றபடி பார்வான் ஆற்றங்கரையில் ஓடிய அதே சக்கரம்.

ஹாரிசன் 1892-ல் ஜீலாங்குக்குத் திரும்பி வந்தார். வயது எழுபத்தாறு. கையில் காசு அதிகம் இல்லை. அவர் வந்த கடல் வழியிலேயே, எதிர்த் திசையில், உறைந்த ஆட்டிறைச்சி ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மறு வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி, ஊருக்குப் பக்கத்தில் பாயிண்ட் ஹென்றி என்ற இடத்தில் காலமானார். பார்வான் ஆற்றின் மேல் உள்ள ஒரு பாலத்துக்கு இப்போது அவருடைய பெயர்.