கிண்டியிலிருந்து ரிஷி வேலிக்கு, ரிஷி வேலியிலிருந்து சென்னைக்கு

சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் மதனப்பள்ளி. அதற்கு அருகே, மழை குறைந்த குன்றுகளுக்கு நடுவில் அவர் தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கில் 1926இல் நிலம் வாங்கும் வேலை தொடங்கியது. பக்கத்தில் நிற்கும் ரிஷிகொண்டா என்ற குன்றுதான் அந்தப் பள்ளத்தாக்குக்கு ரிஷி வேலி என்ற பெயரைத் தந்தது. அங்கே இருக்கும் பள்ளியின் வேர் நம் சென்னையில் இருக்கிறது. அன்னி பெசன்ட் 1918இல் கிண்டியில் நிறுவிய பள்ளியே 1931இல் ரிஷி வேலிக்கு இடம் மாறியது. முதல் தலைமையாசிரியர் ஜி. வி. சுப்பாராவ்.

ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளி இது. ஆசிரியர்களும் வளாகத்திலேயே குடியிருக்கிறார்கள். சாப்பாடு சைவம். மாலையில் குன்றின் பக்கம் உட்கார்ந்து, பேச்சில்லாமல் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கு ‘அஸ்தாசலம்’ என்று பெயர். ரேங்க், பரிசு, போட்டி ஆகியவற்றால் பிள்ளைகளை விரட்டக் கூடாது என்பதில் கிருஷ்ணமூர்த்தி கடைசிவரை உறுதியாக இருந்தார். வறண்டு கிடந்த நிலத்தில் பள்ளிக்காரர்கள் பல ஆண்டுகள் மரம் வளர்த்தார்கள்; பறவைகள் வந்தன. 1991இல் பள்ளத்தாக்கு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே இடம் கிடைப்பது எளிதல்ல. பிள்ளையோடு பெற்றோரும் நேரில் வர வேண்டும். ஆசிரியர்கள் இரு தரப்போடும் பேசுவார்கள். கட்டணமும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. அதனால், வாயிலுக்குள் நுழைந்தவர்களை மட்டும் கணக்கிட்டு இந்தப் பள்ளியின் வரலாற்றை எழுதினால் அதில் பாதிதான் தேறும் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி சுற்றுக் கிராமங்களில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ரமாவும் பள்ளியின் கிராமக் கல்வி மையத்தில் வேலையைத் தொடங்கினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள்: இதுதான் அங்கிருந்த நிலைமை. பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம் போட்டு, கற்கும் வரிசையை ஏணிப்படியாக வரைந்து சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அட்டையை எடுத்து, தன் வேகத்தில் படிக்கும். காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, நம் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய் இந்த அட்டை முறையைப் பார்த்துவந்தார்கள். 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கியது. 2007-08இல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் நடுவே தரையில் ஆசிரியர் என வகுப்பறையின் தோற்றமே மாறியது. அட்டை கிழிகிறது, பதிவேடு கூடுகிறது என்று ஆசிரியர்கள் சொன்ன குறைகளிலும் உண்மை உண்டு. ஒரே வீச்சில் மாநிலம் முழுவதும் விரித்தது அவசரம்தான். முறையும் பின்னர் பலமுறை மாற்றப்பட்டது. ஆனால் மெல்லப் படிக்கும் பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு என்பதை ஊராட்சி ஒன்றியப் பள்ளிவரை கொண்டுவந்தது இந்த முயற்சியே.

இந்த முறை பிறந்த, ரிஷி வேலியைச் சுற்றிய கிராமப் பள்ளிகளில் சேரக் கட்டணம் கிடையாது.