.375 ஹாலண்ட் & ஹாலண்ட் மேக்னம்

.375 ஹாலண்ட் & ஹாலண்ட் மேக்னம் என்பது லண்டனைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர்களான ஹாலண்ட் & ஹாலண்ட் நிறுவனத்தார் 1912இல் வெளியிட்ட ரைபிள் தோட்டா. பெருவிலங்கு வேட்டைக்கென உருவானது. சுருக்கமாக '.375 எச் & எச்' என்று எழுதப்படும். ஆப்பிரிக்க யானை, கேப் எருமை, சிங்கம், அலாஸ்காவின் பழுப்புக் கரடி, வட அமெரிக்க மூஸ், ஈலண்ட், குடூ என உடலளவிலும் இயல்பிலும் வேறுபட்ட விலங்குகளை ஒரே துப்பாக்கியால் வேட்டையாட முடியும் என்பது இதற்கு நிலைத்த பெயரைத் தந்தது. இதைவிட வலிய தோட்டாக்கள் பல உண்டு. இதைவிடத் தட்டையாக நெடுந்தொலைவு பாய்பவையும் உண்டு. இரு வேலைக்கும் போதுமான தோட்டா என்ற வகையில்தான் இது முன்நிற்கிறது.

இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளை உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளைக் குறிக்கும். குழலிலிருந்து வெளியேறிப் பாய்வது குண்டு மட்டுமே.

பெயர்

பெயரிலுள்ள .375 என்பது குண்டின் விட்டம். அங்குலக் கணக்கில் சொல்லப்படுவது, ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். மேக்னம் என்ற லத்தீன் சொல்லுக்குப் 'பெரியது' என்று பொருள். வழக்கமான அளவைவிடப் பெரிய மதுப்புட்டிக்கு வழங்கிவந்த இப்பெயரை, கூடுதல் வெடிமருந்து கொள்ளும் தோட்டாக்களுக்கு பிரிட்டிஷ் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்தாண்டனர். தயாரித்த நிறுவனத்தை 1835இல் தொடங்கியவர் ஹாரிஸ் ஹாலண்ட் என்ற புகையிலை வணிகர். அவருடைய உறவினர் ஹென்றி ஹாலண்டும் தொழிலில் சேர்ந்த பின் நிறுவனம் இரட்டைப் பெயர் பெற்றது.

தோற்றம்

1905இல் பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ பொக் 9.3×62 என்ற தோட்டாவை உருவாக்கினார். அது சாதாரண மவுசர் ரைபிளிலேயே அடங்கியது, விலை குறைவு, யானையையும் எருமையையும் வீழ்த்தியது. ஆப்பிரிக்காவின் ஜெர்மானியக் குடியேற்றங்களில் பண்ணை வைத்திருந்தவர்கள் அதை விரும்பி வாங்கினர். அதுவரை பெருவிலங்கு வேட்டைக்குரிய கருவி என்றால் பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைபிள்தான். கையால் இழைத்துச் செய்யப்பட்ட அதன் விலை, செல்வர்க்கே கட்டுப்படியானது.

ஹாலண்ட் நிறுவனமும் 1905இல் .400/375 என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. அடிப்பகுதியில் 'பட்டி' எனப்படும் தடித்த வளையம் வைத்த முதல் உறை அதுதான். ஆனால் அதன் வலு போதவில்லை. ஏழாண்டு கழித்து அதே உத்தியைப் பெரிய உறையில் கையாண்டு .375 மேக்னம் வெளிவந்தது. போல்ட் ரைபிள்களுக்குப் பட்டி வைத்த வடிவம், இரட்டைக்குழல் ரைபிள்களுக்கு அடியில் விளிம்பு வைத்த வடிவம் என இரண்டு வகைகள் விற்பனைக்கு வந்தன. உலகெங்கும் பரவியது பட்டி வைத்த வகை.

உறையின் அமைப்பு

உறையின் நீளம் 72.4 மி.மீ.; குண்டும் சேர்ந்த முழுத் தோட்டாவின் நீளம் 91.4 மி.மீ. அடியிலிருந்து கழுத்தை நோக்கி உடல் சீராக ஒடுங்கிச் செல்லும். தோள் மிகச் சரிந்தது. 15 பாகை கோணமே உள்ளது. மெலிந்த இந்த வடிவத்துக்குக் காரணம் அந்நாளைய வெடிமருந்தான கார்டைட்.

கார்டைட் என்பது நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, பெட்ரோலியக் களிம்பு ஆகியவற்றைப் பிசைந்து நூல்நூலாகப் பிழிந்தெடுக்கும் புகையற்ற வெடிமருந்து; பார்வைக்குச் சேமியாக் கட்டு போல இருக்கும். நீலகிரியில் அருவங்காட்டில் உள்ள வெடிமருந்து ஆலை இன்றும் கார்டைட் ஆலை என்றே பெயர் பெற்றிருப்பது இதனால்தான். வெப்பம் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். லண்டனின் குளிரில் ஒழுங்காக வெடித்த தோட்டா, ஆப்பிரிக்க வெயிலிலோ இந்தியக் கோடையிலோ உறை வீங்கி, துப்பாக்கியின் அறைக்குள் இறுகிக்கொள்ளக்கூடும். காயம்பட்ட எருமை திரும்பிவரும் வேளையில் காலி உறை வெளிவராமல் சிக்கினால் அது உயிர்ப் பிரச்சினை. ஒடுங்கிய உறையோ சற்று நகர்ந்தாலே அறைச் சுவரிலிருந்து விடுபட்டுவிடும். அடுத்த தோட்டா உள்ளே வழுக்கிச் செல்வதும் எளிது. கார்டைட் வழக்கொழிந்த பின்னும் இந்த நன்மை நிலைத்தது. .375 இன் தோட்டா ஏற்றம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும் என்று வேட்டைக்காரர் புகழ்வது இதைத்தான்.

உறையின் அடியில், பிடிப்பள்ளத்துக்கு முன்னே, தடித்த வளையம் ஒன்று இருக்கும். இதுவே பட்டி. உறைக்கு வலுவூட்டுவதற்காக வைக்கப்பட்டது என்று பலர் கருதுவது தவறு. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டுமோ அங்கே அதை நிறுத்திவைப்பதே பட்டியின் வேலை. மற்ற உறைகளில் இவ்வேலையைத் தோளோ விளிம்போ செய்யும். சரிந்த தோளை நம்பி நிறுத்த முடியாது; விளிம்பு வைத்த தோட்டாக்கள் மேகசினில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இரண்டு இடர்களையும் பட்டி தீர்த்தது.

குண்டுகளும் வேகமும்

தொடக்கத்தில் மூன்று எடைகளில் குண்டுகள் வந்தன. அக்காலக் கணக்குப்படி அவற்றின் அளவுகள்:

235 கிரெய்ன் (15.2 கிராம்): நொடிக்கு 2,800 அடி, சுமார் 853 மீட்டர்
270 கிரெய்ன் (17.5 கிராம்): நொடிக்கு 2,650 அடி, சுமார் 808 மீட்டர்
300 கிரெய்ன் (19.4 கிராம்): நொடிக்கு 2,500 அடி, சுமார் 762 மீட்டர்

மூன்றின் ஆற்றலும் குழல்வாயில் ஏறக்குறைய 5,500 முதல் 5,700 ஜூல் வரை அமையும். இன்றைய வெடிமருந்துகள் இவ்வேகங்களைச் சற்றே உயர்த்தியுள்ளன. 270 கிரெய்ன் குண்டின் பாய்வுப் பாதை, .30-06 ரைபிளின் 180 கிரெய்ன் குண்டினுடையதை ஒத்தது. ஆகவே 250, 300 மீட்டர் தொலைவில் நிற்கும் மான் வகைகளையும் இதைக் கொண்டு நம்பிக்கையுடன் குறிவைக்க முடியும்.

300 கிரெய்ன் குண்டு தன் விட்டத்துக்கு நீளமானது, எடை மிக்கது. இத்தகைய குண்டு தசையிலும் எலும்பிலும் வேகத்தை மெல்லவே இழந்து ஆழமாகச் செல்லும். பெருவிலங்கைப் பொறுத்தவரை ஊடுருவலே முதன்மையானது. எருமையின் தோள் எலும்பைக் கடந்து இதயத்தையோ நுரையீரலையோ எட்டாத குண்டு எத்தனை ஆற்றல் சுமந்து வந்திருந்தாலும் பயனில்லை. மென்முனைக் குண்டு உடலுக்குள் காளான் போல விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்கும். சிங்கத்துக்கும் மான் வகைக்கும் அது பொருந்தும். 'சாலிட்' எனப்படும் விரியாத குண்டு யானையின் மண்டையோட்டுக்குரியது. 

நன்கு அமைந்த பல .375 ரைபிள்களில் வேறுவேறு எடைக் குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் சென்று படும் என்பது இத்தோட்டாவைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் சிறப்பு. பார்வைக் குறியைத் திருத்தாமலே குண்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது காட்டில் பெரிய வசதி. எனினும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இதைச் சுட்டுப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேட்டைக்களத்தில்

டப்ளினில் பிறந்து ஆப்பிரிக்காவில் யானை வேட்டையில் பல்லாண்டுகளைக் கழித்த ஜான் டெய்லர், 1948இல் வெளிவந்த தம் நூலில் ஆப்பிரிக்க வேட்டைக்குரிய தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடைபோட்டார். .375 மேக்னத்தை அவர் போற்றியதுபோல் வேறு எந்த நடுத்தர அளவுத் தோட்டாவையும் போற்றவில்லை. ஒரே ஒரு ரைபிளுடன் கண்டத்தைச் சுற்ற நேர்ந்தால் எதை எடுப்பது என்ற கேள்விக்கு வேட்டைக்காரர் பலர் தந்த விடையும் இதுவே.

அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்கு வழிகாட்டுவோரிடையே இது நெடுங்காலமாகப் புழங்குகிறது. காட்டில் பணியாற்றுவோரைக் கரடியிடமிருந்து காப்பது குறித்து அமெரிக்க வனத்துறை 1983இல் வெளியிட்ட ஆய்வு, குறுகிய தொலைவில் பல தோட்டாக்களைச் சோதித்தது; .375 அதில் முன்வரிசையில் இடம்பெற்றது.

இதன் பின்னுதைப்பு .30-06 உடையதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் .458 மேக்னம் போன்ற பெருந்தோட்டாக்களின் உதையைவிடத் தெளிவாகக் குறைவு. அது தோளைத் தள்ளும், சாட்டைபோல் அறையாது. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுபவனிடம் பெரிய துப்பாக்கி இருந்து என்ன பயன்? பயிற்சியால் பழகிக்கொள்ளக்கூடிய உதையின் மேல் எல்லையில் .375 நிற்கிறது. சரியான இடத்தில் பட்ட .375, தவறான இடத்தில் பட்ட .500ஐவிட மேல் என்பது வேட்டை வழிகாட்டிகளின் பட்டறிவு.

குறைகள்

முதற்குறை நீளம். சாதாரண மவுசர் ரைபிளின் இயக்கப் பகுதியில் இத்தோட்டா அடங்காது. நீண்ட 'மேக்னம்' இயக்கப்பகுதி வேண்டும். அதனால் துப்பாக்கியின் எடையும் விலையும் கூடும். நீளப்போல்ட்டை முழுவதும் பின்னிழுக்காமல் அவசரத்தில் முன்தள்ளிவிட்டால் அறை வெறுமையாகவே இருக்கும்.

இரண்டாவது குறை பட்டி. கார்டைட் காலத்தில் அது தேவையாக இருந்தது. செங்குத்தான தோள் கொண்ட இன்றைய உறைகளுக்கு அது வேண்டியதில்லை. சுட்ட உறையில் மீண்டும் மருந்து நிரப்புவோருக்குப் பட்டியை ஒட்டிய பகுதியில் பித்தளை இழுபட்டு மெலிவதும் ஒரு தொல்லை.

மூன்றாவது, பாய்ந்துவரும் யானையை அல்லது எருமையைச் சில அடித் தொலைவில் நிறுத்த வேண்டிய தொழில்முறை வழிகாட்டிக்கு இது கீழெல்லை. அத்தகையோர் பலர் .416 முதல் .500 வரையுள்ள தோட்டாக்களையே நாடுகின்றனர். சிறிய மான்களுக்கோ இது தேவைக்கு மிஞ்சியது.

வழித்தோன்றல்கள்

20ஆம் நூற்றாண்டின் மேக்னம் தோட்டாக்களில் பெரும்பகுதி இந்த உறையைச் சுருக்கியும் கழுத்தை மாற்றியும் செய்யப்பட்டவை. ஹாலண்ட் நிறுவனமே 1925இல் இதைச் சிறுகழுத்தாக்கி .300 மேக்னத்தை வெளியிட்டது. வின்செஸ்டர் நிறுவனம் 1956இல் .458, 1958இல் .338, 1963இல் .300 ஆகிய மேக்னங்களைக் கொண்டுவந்தது. 1962இல் ரெமிங்டனின் 7 மி.மீ. மேக்னம் வந்தது. இவற்றின் பட்டியும் அடிவிட்டமும் 1912இன் உறைக்குரியவையே. அமெரிக்கப் படைகளின் தொலைகுறி வீரர்கள் பயன்படுத்திய .300 வின்செஸ்டர் மேக்னமும் இக்குடும்பம்தான். 2007இல் வந்த .375 ரூகர், பட்டியை நீக்கி, உடலைப் பருமனாக்கி, சாதாரண நீள ரைபிளில் அடங்குமாறு செய்யப்பட்டது. அதே குண்டு, அதே வேகம் அல்லது சற்றுக் கூடுதல். இருந்தும் மூத்த தோட்டாவை அது களத்திலிருந்து அகற்றவில்லை.

நிலைத்ததன் காரணம்

.375 நிலைத்ததற்கு வடிவமைப்புடன் வணிகமும் துணை நின்றது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் 1925இல் இத்தோட்டாவைத் தயாரிக்கத் தொடங்கியது. வின்செஸ்டர் 1937இல் தன் மாடல் 70 ரைபிளில் இதற்கு இடம் தந்தது. லண்டன் விலை கொடுக்க இயலாதவர் கைக்கும் .375 எட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் கைநாக் நிறுவனம் வேட்டைத் தோட்டா உற்பத்தியைப் படிப்படியாகக் கைவிட்டபோது, புகழ்பெற்ற இரட்டைக்குழல் ரைபிள்கள் பல தோட்டா கிடைக்காமல் சுவரில் தொங்கும் காட்சிப்பொருளாயின. அட்லாண்டிக்கின் இருகரையிலும் தயாரிக்கப்பட்ட .375க்கு அந்நிலை வரவில்லை. பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்தாலும் ஆப்பிரிக்க நகரக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது இதன் தகுதிகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது.

சட்டம்

ஆபத்தான விலங்குகளை வலுக்குறைந்த துப்பாக்கியால் காயப்படுத்தித் தப்பவிடுவதைத் தடுக்க, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டுள்ளது. அந்த அளவு பல இடங்களில் .375ஐ ஒட்டியே அமைந்துள்ளது. ஜிம்பாப்வேயில் யானை, எருமை போன்றவற்றுக்கு 9.2 மி.மீ. விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் கீழ்வரம்பு. கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014இல் விதித்த தடையை 2019இல் நீக்கியது.

இந்தியாவில் வேட்டை இலக்கியத்தின் புகழ்பெற்ற துப்பாக்கிகள் வேறு: ஜிம் கார்பெட் .275 ரிக்பியையும் .450/400 இரட்டைக்குழலையும் ஏந்தினார். தென்னிந்தியக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை ஏந்தினார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. 

ஹாலண்ட் & ஹாலண்ட் நிறுவனம் 1989இல் பிரான்சின் ஷனேல் குழுமத்திடமும், 2021இல் இத்தாலியின் பெரெட்டாவிடமும் கைமாறியது. .375 மேக்னம் தோட்டாவை இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன.