மாலைக்கண் சொன்ன செய்தி

பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாது. கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். அந்தி நேரத்தில் பார்வை மங்கிப்போகும் குழந்தைகளின் நோயை இந்தோனேசிய மக்கள் 'பூத்தா ஆயாம்', அதாவது கோழிக்குருடு என்று சொல்வது அதனால்தான். தமிழில் அதற்கு மாலைக்கண் என்று பெயர். பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை விளக்கேற்றும் வேளையில் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டில் உள்ள சோற்றைக் கையால் தடவித் தேடும். ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் கொடுத்தால் சரியாகும் என்பது பாட்டி வைத்தியம். அதில் தவறில்லை. ஈரலில் வைட்டமின் ஏ இருக்கிறது. கீரையில் உள்ள கரோட்டின் உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது.

ஆனால், அந்தியில் தடுமாறும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்பதை உலகம் எப்போது தெரிந்துகொண்டது? ஒருமுறை தெரிந்துகொண்டு, மறந்துபோய், மீண்டும் கண்டுபிடித்தது என்பதுதான் இந்த வரலாற்றில் வேதனையான பகுதி.

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் டென்மார்க் பாலுக்கும் வெண்ணெய்க்கும் பேர்போன நாடு. ஆனால், நல்ல வெண்ணெய் கப்பலேறி வெளிநாடு போயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் மார்ஜரினும்தான் மிச்சம். அவர்களுக்குக் கண் வறண்டு, சிலருக்குப் பார்வையே போனது. அவர்களைக் கவனித்த கோப்பன்ஹேகன் குழந்தை மருத்துவர் கார்ல் புளோக், கண் கெட்ட பிள்ளைகளைத் தொற்றுநோய்களும் எளிதில் பிடிப்பதைக் குறித்து வைத்தார். 1917 இறுதியில் போர் நெருக்கடியால் வெண்ணெய் உள்நாட்டிலேயே தங்கி, பங்கீட்டு முறையில் ஏழைகளுக்கும் கிடைத்தது. அதன்பின் அந்தக் கண்நோய் மறைந்தது. போர் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கலாம்!

1928இல் இங்கிலாந்தின் கிரீனும் மெல்லன்பியும், வைட்டமின் ஏ கிடைக்காத எலிகள் தொற்றுக்கு இரையாவதைக் காட்டினார்கள். 1932இல் லண்டனில் ஜோசப் எல்லிசன் என்ற மருத்துவர், தட்டம்மை கண்ட 600 குழந்தைகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வைட்டமின் ஏ நிறைந்த மருந்து கொடுத்தார். மருந்து பெற்ற 300 பேரில் 11 பேர் இறந்தனர். பெறாத 300 பேரில் 26 பேர். இவ்வளவு தெளிவான கணக்கு கையில் இருந்தும் அது ஏட்டோடு நின்றது. சல்ஃபா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும் வந்ததும் மருத்துவ உலகின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வைட்டமின் ஏ கண் மருத்துவர்களின் விஷயமாகச் சுருங்கிப்போனது.

அதை மீட்டெடுத்தவரும் ஒரு கண் மருத்துவர்தான். அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சோமர் 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவில் குழந்தைகளின் பார்வையிழப்பை ஆராய்ந்தார். ஆறு கிராமங்களில் 3,481 பிள்ளைகள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை என 18 மாதங்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். பிற்பாடு 1982இல் அந்த ஏடுகளைப் புரட்டியபோது, மறுபரிசோதனைக்கு வராமல் போன பிள்ளைகள் பக்கம் அவர் கவனம் சென்றது. மாலைக்கண் போன்ற லேசான கோளாறு இருந்தவர்கள், இல்லாதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். கண் முழுதாகக் கெடுவதற்கு முன்பே உயிர் போயிருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. கண், மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான மெல்லிய சவ்வுதான் கிருமிக்கு முதல் வேலி. வைட்டமின் ஏ குறைந்தால் அது வறண்டு தடிக்கிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையும் தளர்கிறது. அம்மை வந்தால், இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமினும் கரைந்துவிடும்.

பினாங்கிற்கு எதிர்க்கரையில், மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருக்கும் அச்சேயில் அடுத்த சோதனை நடந்தது. 450 கிராமங்கள், சுமார் 26,000 பிள்ளைகள். பாதிக் கிராமங்களில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 1986இல் வெளிவந்தபோது பலர் நம்ப மறுத்தார்கள். மற்றக் கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை கொடுக்கவில்லையே என்பது ஒரு குறை. நியாயமான கேள்விதான்.

அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று தமிழகத்திலிருந்து வந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போய், ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ சேர்ந்த எண்ணெயும் மறுபாதிக்கு அது இல்லாத எண்ணெயும் புகட்டினார்கள். விபத்து தவிர்த்த இறப்பு, வைட்டமின் ஏ பெற்றவர்களில் 37, பெறாதவர்களில் 80. இது வெளிவந்த 1990இலேயே, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் தட்டம்மை முற்றிய 189 பிள்ளைகளிடம் நடந்த சோதனையும் வெளிவந்தது. வைட்டமின் ஏ பெற்ற 92 பேரில் 2 பேரும், பெறாத 97 பேரில் 10 பேரும் இறந்திருந்தார்கள். எல்லிசனின் கணக்கு 58 ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்து நின்றது.

எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் பிள்ளைகளிடம் நடந்த மாபெரும் சோதனையின் முடிவு 2013இல் வந்தபோது, இறப்பு 4 விழுக்காடுதான் குறைந்திருந்தது. மாத்திரை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு சாரார் கேட்டார்கள். தடுப்பூசி பரவி, குறைபாடும் தணிந்த இடத்தில் பலன் குறைவது இயல்பு என்றார்கள் மறுசாரார். குறை இருக்கும் உடலில்தான் இந்த மருந்து அற்புதம் செய்கிறது.

குறை இல்லாத உடலில் அது நஞ்சாகவும் மாறும். 2025இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசிக்குப் பதிலாக இதுவே காக்கும் என்ற பேச்சும் பரவியது. அங்கே மருத்துவமனைக்கு வந்த அம்மை கண்ட பிள்ளைகளில் சிலருக்கு, அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ காரணமாக ஈரல் பாதிக்கப்பட்டிருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள்.