கல், காடு, சைக்கிள்: கிளென்ட்ரெஸ் முதல் துரஹள்ளி வரை

காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவது உரிமையா, குற்றமா?

பதில் நீங்கள் நிற்கும் ஊரைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் அது உரிமை. நான் பொட்டி தட்டிப் பிழைக்கும் பெங்களூரில், ரிசர்வ் காடு என்றால் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே குற்றம். வெள்ளைக்காரன் ஊர் வேறு, நம்ம ஊர் வேறு, இதில் என்ன இருக்கிறது என்று நகர்ந்துவிடாதீர்கள். இந்த இரண்டு ஊர்க் காடுகளுக்கும் நடுவில் ஒரு பழைய சொந்தம் இருக்கிறது. அந்தக் கதையில் மதராஸில் பிறந்த ஒருவரும் வருகிறார், நம்மைப் போல ரயிலேறி வந்தவர்களும் வருகிறார்கள்.

2018இல் ஆன்சைட் புண்ணியத்தில் எடின்பரோவில் குடும்பத்தோடு இருந்தேன். ஆகஸ்ட் மாதம், மழை இல்லாத அதிசய சனிக்கிழமை. ஊருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் பீபிள்ஸ் என்ற சின்ன ஊர், அதை ஒட்டி கிளென்ட்ரெஸ் காடு. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கும் எனக்கும் இரண்டு மலைச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். தங்கமணி புளியோதரைப் பொட்டலத்தோடு பெஞ்சில் செட்டில் ஆகிவிட்டார். வாடகை சைக்கிள் என்றால் எனக்கு அம்பாசமுத்திரத்தில் மணிக்கணக்குப் பார்த்து எடுத்த, பிரேக் பிடிக்காத அரை சைக்கிள்தான் ஞாபகம். இது அழுத்திப் பிடித்தால் ஆளையே முன்னால் தூக்கிப் போடும் ரகம் :-)

காட்டு வாசலில் ஒரு பெரிய பலகை. பாதைகளுக்கு நிறம் கொடுத்திருந்தார்கள். பச்சை என்றால் குழந்தைகளும் புதியவர்களும் போகலாம். நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு கஷ்டம். கறுப்பு என்றால் எலும்பு எண்ணத் தெரிந்தவர்களுக்கு மட்டும். நாங்கள் நீலத்தில் போனோம். பாதை சும்மா ஆள் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை இல்லை. ஜல்லி போட்டு, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓரமாக வழிந்து போகும்படி லேசாகச் சரித்து, வளைவுகளில் மண்ணை உயர்த்திக் கட்டிய பாதை. சைக்கிள்காரன் எங்கே போக வேண்டும் என்பதைப் பாதையே சொல்லிவிடுகிறது. அதனால் மற்ற இடத்தில் காடு மிதிபடாமல் இருக்கிறது. "இங்கே போகாதே" என்ற பலகையை விட "இப்படிப் போ" என்ற பாதை நன்றாக வேலை செய்கிறது. மலை ஏறி மூச்சு வாங்கி நின்ற இடத்தில் எனக்குப் பட்டது இதுதான்.

கிளென்ட்ரெஸ் தனி ஆள் இல்லை. தென் ஸ்காட்லாந்தில் '7ஸ்டேன்ஸ்' என்று ஏழு மையங்கள் சேர்ந்த கூட்டம் அது. ஸ்டேன் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் கல். ஒவ்வொரு மையத்திலும் ஒரு செதுக்கிய கல்லும் வைத்திருக்கிறார்கள். 2001இல் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி, லட்சக்கணக்கில் ஆடுமாடுகளைக் கொன்று எரித்தார்கள். கிராமப் பாதைகளை மூடினார்கள். டம்ஃப்ரீஸ் பக்கம் விவசாயமும் சுற்றுலாவும் சேர்ந்து படுத்தன. அந்த அடியிலிருந்து கிராமங்களை எழுப்பப் போட்ட திட்டங்களில் இந்த சைக்கிள் பாதைகளும் ஒன்று. அரசு வனத்துறையே முன்னின்று கட்டியது.

அந்த டம்ஃப்ரீஸ் பக்கத்தில்தான் கர்க்பேட்ரிக் மேக்மில்லன் என்ற கொல்லர் 1839வாக்கில் மிதித்து ஓட்டும் சைக்கிளை முதன்முதலில் செய்தார் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆதாரம் போதாது என்று வரலாற்று ஆய்வாளர்கள் தலையாட்டுகிறார்கள். அவர்கள் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். 2023 ஆகஸ்டில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மலைப் போட்டிகளில் ஒரு பகுதி இதே கிளென்ட்ரெஸ் காட்டில் நடந்தது. பையன் டிவி முன்னால் உட்கார்ந்து, "அப்பா, நாம போன காடு" என்று குதித்தான்.

சரி, அந்தக் காடு எங்கிருந்து வந்தது? ஆதிகாலக் காடு என்று நினைத்தால் தப்பு. முதல் உலகப்போரின்போது பதுங்குகுழிக்கும் சுரங்கத்துக்கும் மரம் இல்லாமல் பிரிட்டன் திண்டாடியது. அப்போது அந்த நாட்டு நிலத்தில் சுமார் 5 சதவீதம்தான் காடு. போர் முடிந்ததும் 1919இல் வனத்துறை ஆணையம் ஒன்றை அமைத்து, மொட்டை மலைகளில் மரம் நட ஆரம்பித்தார்கள். அதிகம் நட்டது சிட்கா ஸ்ப்ரூஸ். அது அந்த மண்ணின் மரமே இல்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1831இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த மரம். வரிசையாக நட்டு, வெட்டி, மறுபடி நடும் மரப்பண்ணைதான் அது.

இப்படி அரசாங்கமே காடு நடத்தும் வித்தையை பிரிட்டிஷார் எங்கே கற்றார்கள்? பெருமளவு இந்தியாவில்.

ஹியூ கிளெக்ஹார்ன் 1820இல் மதராஸில் பிறந்தவர். குடும்பம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842இல் கம்பெனி மருத்துவராகத் திரும்பி வந்தார். மைசூர் சீமையில் ஷிமோகாவில் வேலை பார்க்கும்போது செடிகொடிகளைப் படம் எழுத வைத்துச் சேகரித்தார். இந்தியக் காடுகள் அழிவதால் என்ன ஆகும் என்று 1851இல் வந்த ஓர் அறிக்கையில் அவர் பங்கு பெரிது. 1856இல் மதராஸ் ராஜதானியின் வனக் காப்பாளர் ஆனார். பெங்களூர் லால்பாக் அதே வருடம் அரசுத் தோட்டமானபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். நாம் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஏறும் அந்த லால்பாக் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. அதன் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளையின் யோசனையும் இருக்கிறது.

அதே 1856இல்தான் மதராஸ் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்குக் கீழே போடும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மரம் மரமாகச் சாய்ந்தது. மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையில் பாதி இந்த ரயிலுக்கு மரம் மிஞ்ச வேண்டுமே என்ற கவலை. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. 1809இல் கன்டோன்மென்ட் உண்டானதிலிருந்தே பட்டாளத்தோடு வந்து குடியேறிய தமிழர்களோடு, இந்த ரயிலேறி வந்தவர்களும் சேர்ந்தார்கள். இன்று ராத்திரி ரயிலில் வந்து இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள்தான் மூத்த தலைமுறை. அவர்களைச் சுமந்த தண்டவாளமும் காட்டுக் கட்டையின் மேல்தான் கிடந்தது.

அதே 1864இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்திய வனத்துறையின் முதல் தலைவர் ஆனார். அவருக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் ஷ்லிக், அவரும் ஜெர்மானியர்தான். பிறகு இங்கிலாந்து போய் வனவியல் சொல்லிக் கொடுத்தார், 1905 முதல் ஆக்ஸ்ஃபோர்டில். அவரிடம் படித்த ராய் ராபின்சன்தான் 1919இன் புது ஆணையத்தில் முக்கியமான ஆள். பின்னாளில் அதன் தலைவராக இருபது வருடம் இருந்தார். ஆக, நம்ம ஊர்க் காட்டு அனுபவம் ஆக்ஸ்ஃபோர்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்காட்லாந்து மலைக்குப் போனது.

ஆனால் நம்ம ஊரில் அந்த வித்தை சட்டத்தோடு வந்தது. 1878 இந்திய வனச் சட்டம், நமக்கு 1882 மதராஸ் வனச் சட்டம், மைசூருக்கு 1900ஆம் வருட ஒழுங்குமுறை, அதன் வழியில் 1963 கர்நாடக வனச் சட்டம். ரிசர்வ் காடு என்று கோடு போட்டுவிட்டால் உள்ளே வருவதும் மாடு மேய்ப்பதும் குற்றம். அனுமதித்தது மட்டும்தான் செய்யலாம், மீதி எல்லாம் தடை. எங்கள் ஆச்சி காலத்தில் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் கட்டுச்சோறோடு போய், குடில் போட்டுத் தங்கி வருவார்கள். அந்தக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இன்று எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம் என்பதெல்லாம் அதிகாரிகள் சொல்வதுதான். புலிக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கமாக இருந்தது சலுகையாக மாறிவிட்டது. காட்டிலேயே வாழ்கிறவர்களின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்ளவே 2006 வரை ஆனது.

ஸ்காட்லாந்திலும் சாமானியனுக்குக் கதவு மூடித்தான் இருந்தது. அங்கே மூடியது வனத்துறை இல்லை, மான் வேட்டைக்கு மலை மலையாக வளைத்துப் போட்ட சீமான்கள். 1884இல் எடின்பரோவில் ஒரு சர்வதேச வனக் கண்காட்சி நடந்தது. அதே வருடம் ஜேம்ஸ் பிரைஸ் என்ற எம்.பி., மலைகளில் நடக்க மக்களுக்கு உரிமை வேண்டும் என்று பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தோற்றது. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்பத் தோற்றது. கடைசியில் ஸ்காட்லாந்துக்கென்று தனிப் பாராளுமன்றம் வந்த பிறகு, 2003இல்தான் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நடந்தோ, குதிரையிலோ, சைக்கிளிலோ பெரும்பாலான நிலத்தில் போகலாம். மோட்டார் வண்டி கூடாது. பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். 1884இலிருந்து எண்ணினால் 119 வருடம். கதவு தானாகத் திறக்கவில்லை மக்களே, தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது துரஹள்ளிக்கு வருவோம்.

பெங்களூரின் தெற்கே, பனசங்கரி ஆறாவது ஸ்டேஜைத் தாண்டி, வனத்துறை வசம் இருக்கும் காடு. பரப்பு 600 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. யூகலிப்டஸ், குத்துச்செடி, நடுநடுவே பெரிய பெரிய பாறை. ஸ்டேன் என்றால் இங்கேயும் ஸ்டேன்தான். பாறை ஏறுபவர்கள் பல வருடமாகக் கை பழகிய இடம் இது. 2000களின் கடைசியில் கியர் சைக்கிள் மோகம் ஐடி மக்களைப் பிடித்தது. 2008இல் இங்கிருந்து டூர் ஆஃப் நீல்கிரிஸ் கிளம்பியது. நந்தி மலை ஏற்றத்துக்கு விடிகாலையில் கூட்டம் சேர்ந்தது. அப்போது மலைச் சைக்கிள்காரர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மண் பாதை துரஹள்ளிதான். யாரும் போட்டுக்கொடுத்த பாதை இல்லை, டயர் போட்ட பாதை.

இங்கே இருக்கும் யூகலிப்டஸும் சிட்கா மாதிரி வந்தேறி மரம், ஆஸ்திரேலியாக்காரன். திப்பு சுல்தான் 1790வாக்கில் நந்தி மலையில் நட்டதாகச் சொல்வார்கள். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று 2017இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்குத் தடை போட்டது.

2021இன் தொடக்கத்தில் துரஹள்ளியில் 'மரப் பூங்கா' அமைக்கும் திட்டம் வந்தது. நடைபாதை, நிழற்குடை, வேலி என்று கேள்விப்பட்டதும் அக்கம்பக்கத்து மக்கள், பறவை பார்ப்பவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். காட்டைப் பூங்கா ஆக்காதே என்றார்கள். பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடியூரப்பா திட்டத்தைக் கைவிடச் சொன்னார். நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பிறகும் நிலைமை பழையதுதான். மூடு, இல்லாவிட்டால் பூங்கா கட்டு. நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று நம்ம ஊர்ச் சட்டத்துக்கு இன்னும் தோன்றவில்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஸ்காட்லாந்து முழுக்கச் சுமார் 55 லட்சம் பேர். பெங்களூர் ஒன்றிலேயே ஒரு கோடிக்கு மேல். திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் சிப்ஸ் பாக்கெட் குப்பையாகிவிடாதா? தவிர, 2022 டிசம்பரில் துரஹள்ளிப் பக்கம் சிறுத்தை தென்பட்டது. கிளென்ட்ரெஸ்ஸில் சிறுத்தை இல்லை. இரண்டும் நியாயமான கேள்வி. எல்லாக் காட்டையும் திறக்கச் சொல்லும் பைத்தியக்காரன் இல்லை நான். புலி இருக்கும் காடு புலிக்கே இருக்கட்டும்.

ஆனால் ஊரை ஒட்டிய, மனிதன் கையால் நட்ட யூகலிப்டஸ் தோப்புகளைப் பற்றி யோசிக்கலாம். அங்கே ஓர் ஓரத்தில் எல்லை குறித்து, இரண்டு மூன்று பாதை மட்டும் ஒழுங்காகப் போட்டு, இருட்டிய பிறகு மூடி, மீதிப் பகுதியைத் தொடாமல் விடலாம். சிமென்ட் வேண்டாம், சிலை வேண்டாம், ஜல்லியும் மண்வெட்டியும் போதும். பாதையைக் காதலிக்கிறவன் காட்டுக்குக் காவல்காரன் ஆவான். 2021இல் துரஹள்ளிக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் அங்கே நடந்து, ஓட்டி, பாறை ஏறிப் பழகியவர்கள். அறியாத காட்டுக்காக யார் வருவார்?

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணைச் சுற்றித்தான் சைக்கிள் பழகுகிறார்கள். தாமிரபரணிக் கரையும் தெரியாது, இந்த ஊர் குட்டையும் தெரியாது (கன்னடத்தில் 'குட்ட' என்றால் குன்று). இது எங்க ஊரா என்று கேட்டால் முழிக்கிறார்கள். நாமும் "நமக்கெதுக்கு வம்பு, வெளியூர்க்காரன்" என்று ஒதுங்கிப் பழகிவிட்டோம். 1864 ரயிலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர் ஆகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கும் ஆகும். ரேஷன் கார்டில் பெயர் ஏறினால் மட்டும் ஊர் சொந்தமாகிவிடாது. முழங்காலில் அந்த ஊர் மண் ஒருமுறையாவது ஒட்ட வேண்டும்.

அடுத்த முறை ஏரி, காடு, குன்று என்று உங்கள் வார்டில் ஏதாவது கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். கன்னடம் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள். பிரைஸ் 1884இல் கேட்டது அவர் காலத்தில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டு வைத்ததால்தான், மதராஸ் ராஜதானியிலிருந்து போன ஒரு ஒன்பது வயதுப் பையன் அந்த மலையில் யாரிடமும் அனுமதி கேட்காமல் சைக்கிள் ஓட்டினான்.