வாகனத்தை எங்க விடுறது?

போன ஆடி லீவுக்கு லண்டனில இருந்து மச்சாள் ஆக்கள் வந்திருந்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வேனில கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டம். மாமாதான் ஓட்டினவர். கோட்டை வாசலுக்குக் கிட்ட வரவே வரிசை தொடங்கிட்டுது. ஒரு மர நிழலில விடப் பாத்தா, கச்சான் விக்கிற ஐயா ஒருத்தர், "தம்பி, இங்க விடேலாது, பஸ் திரும்புற இடம்" எண்டார். இன்னொரு இடத்தில சைக்கிள் கடைக்காரர். அரை மணித்தியாலம் சுத்தி, கடைசியா டச்சுக் குடாக் கடற்கரை ரோட்டில விட்டுட்டு நடந்தம்.

நடக்கேக்க மச்சாள் சொன்னா: "நாங்க அங்க லண்டனுக்குள்ள காரே கொண்டு போறதில்ல. வெளியில ஒரு ஸ்டேஷனில விட்டுட்டு ட்ரெயின்ல போவம். உள்ள போனா 2003-இல இருந்து தனிக் காசு." பிறகு தேடிப் பாத்தன். இந்தப் பழக்கத்தை முதலில ஒழுங்காக் கொண்டு வந்த நகரங்களில ஒக்ஸ்போர்டும் ஒண்டு. நகரத்துக்கு வெளியில காரை விட்டுட்டு பஸ்ஸில உள்ள போற திட்டத்தை 1973-இலயே தொடங்கிட்டாங்க.

நான் வரலாறு படிக்கிற பொடியன், எனக்கு எதைச் சொன்னாலும் பழைய கதைதான் ஞாபகம் வரும். கோட்டை மேட்டில ஏறேக்க யோசிச்சன்: வாகனத்தை எங்க விடுறது எண்ட கேள்விக்காகத்தானே ஐரோப்பாக்காரர் முந்நூறு வருஷமா இந்த ஊருக்காக அடிபட்டவங்கள்!

விளையாட்டாச் சொல்லேல்ல. சோழமண்டலக் கரையைப் படத்தில எடுத்துப் பாருங்கோ. சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம், எல்லாம் நேர்க்கோடு போட்ட மாதிரித் திறந்த கரை. கப்பல் ஒதுங்க ஒரு மடிப்பு இல்லை. சென்னையில் கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலைக்கு மேலால் ஏற்றி இறக்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அடிக்கிற அலையில் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆக, வெளியில விட்டுட்டு வேறொண்டில உள்ள போற திட்டம் ஒக்ஸ்போர்டுக்கு முதலே எங்கட மீனவரிட்ட இருந்திருக்கு.

ஐப்பசி பிறந்தா அதுவும் சரிவராது. வாடைக் காற்றும் புயலும் நேரே அந்தக் கரையில்தான் மோதும். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்டோனே சென்னையைப் பிடித்தார். அடுத்த மாதமே, ஒக்ரோபர் நடுப்பகுதியில், ஒரே இரவுப் புயலில் அவருடைய கப்பல்கள் பல நொறுங்கிப் போயின. ஊரைப் பிடிச்சவருக்குக் கப்பலை விட இடமில்லை. பின்னாளில் சென்னையில் துறைமுகம் கட்டப் போனபோதும், முடியும் தறுவாயில் இருந்த சுவர்களை 1881 புயல் உடைத்தது.

இந்தக் கடலில் வருஷம் முழுக்கக் கப்பலைப் பயமில்லாமல் விடக்கூடிய இடம் திருகோணமலை. நாங்க வேனை விட்ட டச்சுக் குடா இல்லை. அது வாடைக்குத் திறந்து கிடக்கிறது. சொல்வது உட்துறைமுகத்தை. வாசல் ஒடுக்கம், உள்ளே நல்ல ஆழம், சுற்றிவர மலை. வாசலைப் பார்த்தபடி டச்சுக்காரர் கட்டிய ஒஸ்டன்பேர்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1620களில் வந்து கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1639-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1672-இல் பிரெஞ்சுக்காரரும் வந்து பார்த்தார்கள். கோட்டை வாசலில் இருக்கிற இரட்டை மீன் கல்லை அடுத்த முறை போகேக்க நிண்டு பாருங்கோ, எல்லாரும் செல்ஃபிக்கு மானைத்தான் தேடுறாங்க.

எனக்குப் பிடிச்ச கதை ரொபர்ட் நொக்ஸ் உடையது. 1659 கார்த்திகையில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல், திருத்துவதற்காக மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்டனும் மகனும் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே 1661-இல் இறந்தார். மகன் நொக்ஸ் 19 வருஷத்துக்கு மேல் கண்டி நாட்டில் இருந்து, 1679-இல்தான் தப்பினார். கேட்காமல் விட்ட வாகனத்துக்கு இதைவிடப் பெரிய தண்டம் நான் கேள்விப்படேல்ல.

1782-இல் ஒரே வருஷத்தில் ஊர் இரண்டு முறை கை மாறியது. தை மாதம் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் பறித்தார்கள்; ஆவணிக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்தார். செப்டெம்பர் 3-ஆம் திகதி வெளிக்கடலில் இரண்டு படையும் மோதின, வெற்றி தோல்வி தெளிவில்லை. ஆனால் மழைக்காலம் வரவே ஆங்கிலத் தளபதி ஹியூஸ் தன் கப்பல்களை இந்தியாவையே சுற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1795-இல் திரும்ப வந்தவர்கள், 1957 ஒக்ரோபர் வரைக்கும் கடற்படைத் தளத்தை விடவில்லை. 1948-இல் சுதந்திரம் கிடைத்தும் ஒன்பது வருஷம் அவங்கட கப்பல் எங்கட குடாவிலதான்.

நிப்பாட்டின வாகனத்தால வாற ஆபத்தும் ஊருக்குத்தான். 1942 சித்திரை 9-ஆம் திகதி யப்பான் விமானங்கள் குண்டு போட வந்தன. முதல்நாள் இரவே கப்பல்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அப்படிப் போன 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்ந்து, 300-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல்கள் போகலாம், ஊர்ச்சனம் எங்க போறது?

கப்பலுக்கு எண்ணெய் நிரப்ப சீனன்குடாவில் கட்டிய தாங்கிகளில் 99 இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1987 இலங்கை–இந்திய உடன்பாட்டோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாடும் இராணுவத் தேவைக்குத் திருகோணமலையைப் பாவிக்க விடப்படாது என்று எழுதியிருக்கிறது. 'இங்கு வாகனம் நிறுத்தாதீர்' போர்டுதான், கொஞ்சம் பெரிசு. 2022 தை மாதத்தில் அந்தத் தாங்கிகளையும் பங்கு பிரித்தார்கள்: 14 இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டுக்கும் கூட்டாக.

இந்தக் கணக்குகளில் எங்கேயும் வராத ஆட்கள் குடாவின் மற்றக் கரையில் இருக்கிறார்கள். சம்பூரிலிருந்து எறிகணை அடித்தால் கடற்படைத் தளம் வரைக்கும் விழும். 2006 யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்தச் சனத்தின் காணிகள் 2007-இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பெரும்பாலானோர் திரும்பக் குடியேறினது 2015, 2016-இல்தான். கப்பல் பத்திரமா நிக்க வேணும் எண்டு வீடுகள் ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்திருக்கு. துறைமுகம் பற்றி நான் வாசித்த ஆங்கிலப் புத்தகங்களில் ஆழம் எத்தனை பாகம் என்று இருக்கும். கரையில யார் இருந்தாங்க எண்டு தேடித்தான் பிடிக்கோணும்.

மச்சாளுக்கு இதில பாதியை நடந்து வரேக்கயே சொல்லிட்டன். "நீ பரீட்சையில இப்பிடி எழுதினாப் பாஸ் பண்ணுவியா?" எண்டு கேட்டா.

டச்சுக் குடாவுக்குத் திரும்பி வர, வேனின் நிழலில மூண்டு மான் படுத்திருந்தது. மாமா ஹோர்ன் அடிக்கேல்ல. மச்சாளின்ட மகள் கச்சான் உடைச்சுக்கொண்டு மதிலில குந்திட்டாள். மான்கள் தாங்களா எழும்பிப் போக இருபது நிமிஷம் ஆச்சு.